பல பெயர் சூடிய மலை: செஞ்சியின் வரலாறும் புதுவைக்கு அதனோடுள்ள உறவும்

 

நமது நகரின் பெரிய வாய்க்காலை ஒட்டிச் செல்லும் வீதி ஒன்றுக்குச் 'செஞ்சி சாலை' என்று பெயர். அன்றாடம் அவ்வழியே சென்று வரும் நம்மில் பலர் அப்பெயரின் காரணத்தைச் சிந்தித்திருக்க மாட்டோம். கடற்கரையில் அண்ணல் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் கற்றூண்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதும் நம்மில் சிலருக்கே தெரியும். புதுவையிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள அந்த மலையூருக்கும் நமது கடற்கரை நகருக்கும் இடையிலான உறவு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமுதாயத்தாரின் நிலைமை என்னவாயிற்று என்று கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. அவ்வழைப்பிற்குச் செவிசாய்க்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்கு அருகிலேயே அத்தகைய இடமொன்று உள்ளது. வரலாற்றைச் சிலர் தத்தம் விருப்பத்திற்கேற்ப வெட்டியும் ஒட்டியும் பேசி, பக்கத்து வீட்டாரைப் பகைவராக்கிக் காட்டும் இக்காலத்தில், செஞ்சியின் கதையை உள்ளது உள்ளபடி அறிவது நமக்கு மிகவும் அவசியமாகும்.

மலையும் அதன் பழங்குடிகளும்

செஞ்சி என்பது ஒரே மலையன்று. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. பாறைமேல் பாறை அடுக்கியது போன்ற தோற்றமுடைய இக்குன்றுகளுள் ராஜகிரியே உயரமானது. சுமார் 800 அடி. மூன்றையும் இணைத்துக் கட்டப்பட்ட மதில்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே 80 அடி அகலமுள்ள அகழியும் இருந்தது.

ஆயினும் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். செஞ்சிக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் சமண சமயத்தாரின் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கே உள்ளது. அருகிலுள்ள மேல்சித்தாமூர் இன்றளவும் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த தலைமையிடமாக விளங்குகிறது. சிங்கவரத்திலும் மேலச்சேரியிலும் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோவில்கள் உள்ளன. இவற்றுள் மேலச்சேரியையே மக்கள் 'பழைய செஞ்சி' என்று வழங்குகின்றனர். ஆகவே, செஞ்சி தொடக்கத்தில் ஓர் அரசனின் ஊராக இருக்கவில்லை. ஆடுமாடு மேய்ப்போரும், ஏரிப்பாசனத்தில் நெல் விளைவிப்போரும், மலைக்குகைகளில் தங்கிய துறவிகளும் வாழ்ந்த மலையடிவாரச் சிற்றூராகவே அது இருந்தது.

இடையர் கட்டிய கோட்டை

இச்சிற்றூர் கோட்டையான கதையும் எளிய மக்களிடமிருந்தே தொடங்குகிறது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் நூலின்படி, ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவர் ஏறத்தாழ கி.பி. 1200 ஆம் ஆண்டையொட்டி இங்கு முதன்முதலில் கோட்டை அமைத்தார். ஆடு மேய்க்கும்போது மலையில் புதையல் கிடைத்ததென்றும், அதைக் கொண்டு ஆட்களைத் திரட்டிக் கோட்டை கட்டினாரென்றும் கதை சொல்லப்படுகிறது. அவர் பெயரால் ஒரு குன்று ஆனந்தகிரி எனவும், அவருக்குப் பின்வந்த கிருஷ்ணக் கோனின் பெயரால் மற்றொன்று கிருஷ்ணகிரி எனவும் வழங்கலாயின. ஆனந்தகிரியே பிற்காலத்தில் ராஜகிரி ஆயிற்று.

பின்னர் விஜயநகரப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டு, 16 ஆம் நூற்றாண்டில் செஞ்சி நாயக்கர்களின் தலைநகரமாக இவ்வூர் உயர்ந்தது. இன்று நாம் காணும் பெரும் மதில்கள், நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், கல்யாண மகால் ஆகியவற்றின் பெரும்பகுதி இவர்கள் காலத்துப் பணியே. கீழ்க்கோட்டையிலுள்ள வெங்கடரமண சுவாமி கோவிலை எழுப்பியவர் முத்தியாலு நாயக்கர் என்பர். 1597 இல் செஞ்சிக்கு வந்த பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நகரம் ஒன்று நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டிலுள்ள எந்த நகரத்தைக் காட்டிலும் இது பெரியது என்னும் கருத்துப்பட எழுதிச் சென்றார். மேய்ச்சல் நிலமாக இருந்த ஊர் நானூறு ஆண்டுகளில் அடைந்த வளர்ச்சி அது.

ஆட்சிக்கொரு பெயர்

செல்வம் சேர்ந்த இடத்தில் வாளும் வந்து சேரும். 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றி, 'பாத்ஷாஹாபாத்' என்று பெயரிட்டது. 1677 இல் சத்ரபதி சிவாஜி இதனைத் தம் வசமாக்கினார். மராத்தியர் வாயில் இவ்வூர் 'சந்தி' எனத் திரிந்தது. 1698 இல் முகலாயத் தளபதி ஸுல்ஃபிகார் கான் கைப்பற்றிய பின், அவருடைய நுஸ்ரத் ஜங் என்னும் பட்டத்தையொட்டி 'நுஸ்ரத்கட்' ஆயிற்று. ஐரோப்பியர் 'ஜிஞ்சி' என்றனர். ஆங்கிலேயர், கிரேக்கக் காப்பியத்தில் வரும் புகழ்பெற்ற நகரத்தை நினைவுகூர்ந்து, 'கிழக்கின் ட்ராய்' என்று வியந்தனர். மலையடிவாரத்து உழவரும் இடையரும் மட்டும் அன்று முதல் இன்றுவரை செஞ்சி என்றே சொல்லி வருகின்றனர்.

இந்த ஆட்சி மாற்றங்களைச் சிலர் இரு மதங்களுக்கிடையே நடந்த போராகச் சித்திரிக்கின்றனர். நடந்தவற்றை நிதானமாக நோக்குவோர்க்கு வேறொரு காட்சி தெரியும்.

பீஜப்பூர் ஆட்சியின்போது செஞ்சியில் நாசிர் முஹம்மது கானும், தெற்கே வாலிகண்டபுரத்தில் ஷேர் கான் லோடியும் அதிகாரிகளாக இருந்தனர். இருவரும் முஸ்லிம்கள், ஒரே சுல்தானின் ஊழியர்கள். ஆயினும் வரிவருவாய்க்காகவும் எல்லைக்காகவும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டனர். நமது புதுவை பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்ததும் இந்த ஷேர் கான் லோடியிடமிருந்துதான். 1673 இல் அவர் அனுமதி வழங்கினார். 1674 இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு குடியேறினார். 1676 இல் நம் அண்மையிலுள்ள வழுதாவூர்க் கோட்டையை நாசிர் முஹம்மதுவின் ஆட்களிடமிருந்து பிடிக்க, ஷேர் கானுக்குப் பிரெஞ்சு வீரர்கள் துணைநின்றனர். இரண்டு சகோதரர் சண்டையிட்டதில் மூன்றாமவர் முற்றத்திற்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டே சிவாஜியின் படைக்கு முன்னால் இருவருமே தத்தம் பதவியை இழந்தனர்.

சிவாஜியின் அந்தத் தெற்குப் படையெடுப்புக்குத் துணைநின்றவர் யார்? கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி சுல்தான் அபுல் ஹசன். அச்சுல்தானின் அமைச்சர்களோ மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமணச் சகோதரர்கள். மறுபுறம், 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செஞ்சியை முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் படையைப் பாருங்கள். கோட்டைக்குள்ளே சிவாஜியின் மைந்தர் ராஜாராம்; வெளியே முகலாயப் படை. அப்படையின் முன்னணித் தளபதிகளுள் ஒருவர் தல்பத் ராவ் என்னும் புந்தேலா ராஜபுத்திரர். அவரிடம் பணியாற்றி, இம்முற்றுகையைக் கண்ணால் கண்டு பாரசீக மொழியில் நூலாக எழுதிவைத்தவர் பீம்சேன் என்னும் காயஸ்த இந்து. ஒரு தரப்பார் எல்லாரும் ஒரு மதத்தவர், எதிர்த்தரப்பார் எல்லாரும் இன்னொரு மதத்தவர் என்ற கணக்கு செஞ்சியில் ஒருபோதும் பொருந்தியதில்லை.

அந்த எட்டாண்டுகளில் புதுவையின் தலைவிதியும் செஞ்சி மலையிலேயே எழுதப்பட்டது. 1690 இல் கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினத்தை மராத்தியர் ஆங்கிலேயருக்கு விற்றனர். 1693 இல் ராஜாராமின் இசைவைப் பெற்றுக்கொண்டு டச்சுக்காரர் புதுவையைப் பிடித்துக்கொண்டனர். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1699 இல்தான் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. முற்றுகையின் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, மலைமேல் இருந்தவர்கள் கடற்கரையை விலைபேசினர். கடற்கரையில் வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

நிலுவைக் கணக்கும் நட்பும்

வெற்றிக்குப் பின் முகலாயப் பேரரசு செஞ்சிக் கோட்டையைச் சொரூப் சிங் என்னும் புந்தேலா ராஜபுத்திரரின் பொறுப்பில் விட்டது. முஸ்லிம் பேரரசர் ஓர் இந்துவை நம்பிக் கோட்டையை ஒப்படைத்தார். 1714 இல் சொரூப் சிங் காலமானார். அவருடைய இளவயது மைந்தர் தேஜ்சிங் தந்தையின் இடத்திற்கு வந்தார். இவரே தமிழ் மக்களின் நாவில் 'ராஜா தேசிங்கு' ஆனவர்.

அப்போது ஆர்க்காட்டில் நவாபாக இருந்தவர் நவாயத் குலத்தைச் சேர்ந்த சஆதத்துல்லா கான். சொரூப் சிங் பல ஆண்டுகளாகச் செலுத்தாத வரிநிலுவையைக் கட்ட வேண்டும் என்பது நவாபின் கோரிக்கை. பேரரசர் தந்தைக்கு அளித்த உரிமை தமக்கும் உண்டு, நவாபுக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது தேசிங்கின் வாதம். உரிமை புதிதாக உறுதிசெய்யப்பட வேண்டும் என்றார் நவாப். இருவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இருவரும் ஒரே பேரரசின் ஊழியர்களே. நடுநிலையான பெரியவர் ஒருவர் இடையில் நின்று பேசியிருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய கணக்கு, வாளால் தீர்க்கப்பட்டது.

1714 அக்டோபரில், செஞ்சிக்கு அருகே தேவனூர்ப் பகுதியில் போர் நடந்தது. சில நூறு குதிரைவீரர்களுடன் தேசிங்கு, ஆயிரக்கணக்கில் இருந்த நவாபின் படையை எதிர்கொண்டார். வெள்ளம் பெருகிய ஆற்றைக் குதிரையுடன் கடந்து போனார் என்று கதைப்பாடல் கூறுகிறது. களத்திலேயே மாண்டார். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். செட்டிகுளத்தின் கரையில் அவ்விடத்தை இன்றும் மக்கள் காட்டுகின்றனர். அப்பெண்ணின் முடிவு கண்டு நவாபே மனம் வருந்தி, அவள் நினைவாக ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை என்னும் ஊரை அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

தேசிங்கின் கதைப்பாடலில் நம் உள்ளத்தைத் தொடும் மற்றொருவர் இருக்கிறார். அவர் தேசிங்கின் உயிர்த்தோழர் மஹபத் கான். தம் திருமணத்திற்கு எல்லா ஏற்பாடுகளும் நடந்துகொண்டிருந்த வேளையில் நண்பரின் அழைப்பு வந்ததும், மணக்கோலத்தைக் களைந்துவிட்டு 'நீலவேணி' என்னும் தம் குதிரையில் ஏறிக் களம் சென்றார். தேசிங்குக்கு முன்பே உயிர் துறந்தார் என்று பாடல் சொல்கிறது. அவருடைய அடக்கத்தலம் எனச் செஞ்சிக்கு அருகேயுள்ள நீலாம்பூண்டியில் ஓரிடம் காட்டப்படுகிறது.

இதனைச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரு முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்து, ஓர் இந்து நண்பனுக்காக, ஒரு முஸ்லிம் இளைஞன் உயிர் கொடுத்தான் என்ற கதையை யார் பாடி வந்தனர்? அரசவைப் புலவர்கள் பாடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தென்னார்க்காட்டுக் கிராமத்து மக்கள் தெருக்களிலும் களத்துமேட்டிலும் பாடினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் தேசிங்கைப் பாடும்போதெல்லாம் மஹபத் கானையும் சேர்த்தே பாடினர். ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர் பெயரை விட்டுவிட முடியாதபடி அக்கதையைக் கட்டிவைத்தனர். வரிநிலுவை எவ்வளவு என்பது மறந்து போயிற்று. நட்பு நிலைத்து விட்டது.

கோட்டைக்குள் பள்ளிவாசல்

செஞ்சிக் கோட்டைக்குள் இரண்டு பள்ளிவாசல்கள் உள்ளன. ஒன்று சஆதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளி. தேசிங்கு வீழ்ந்த சில ஆண்டுகளில், 1717-18 இல் அது கட்டப்பட்டதைப் பாரசீகக் கல்வெட்டு தெரிவிக்கிறது. மற்றொன்று மஹபத் கான் பெயரால் வழங்கும் பள்ளி. வென்ற நவாபின் பெயராலும், அவரை எதிர்த்து மாண்டதாகப் பாடப்படும் வீரனின் பெயராலும் ஒரே கோட்டைக்குள் இரண்டு பள்ளிகள்! இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

இவற்றைக் காணச் செல்லும் நம் இளைஞர்கள் 'இது நம்முடைய கோட்டை' என்று பெருமை பேசிவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. நவாபுக்கு அல்லாஹ் வெற்றியைக் கொடுத்தான். நன்றியாக அவர் பள்ளி எழுப்பினார். ஆனால் அவருடைய வம்சத்தின் நிலை என்ன? 1732 இல் அவர் காலமான பின் எட்டே ஆண்டுகளில், அடுத்த நவாபான தோஸ்த் அலி மராத்தியரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். 1740 இல் அக்குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும், தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிபின் குடும்பத்தாரும் அடைக்கலம் தேடி வந்த இடம் நமது புதுவை நகரம். பிரெஞ்சு ஆளுநர் துய்மா அவர்களை மதிலுக்குள் ஏற்றுக்கொண்டார்; மராத்தியர் மிரட்டியும் வெளியே அனுப்ப மறுத்தார். ஆட்சி என்பது இறைவன் தான் நாடியோருக்குக் கொடுத்து, தான் நாடியோரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அமானிதம் என்பதற்குச் செஞ்சியும் ஆர்க்காடும் நம் வீட்டு வாசலில் கிடக்கும் சான்றுகளாகும்.

புதுச்சேரி வாசல்

செஞ்சிக் கீழ்க்கோட்டையின் கிழக்கு வாயிலுக்குப் 'புதுச்சேரி வாசல்' என்று பெயர். வடக்கு வாயில் 'ஆர்க்காட்டு வாசல்'. 1750 செப்டம்பர் 11 ஆம் நாள் இரவு, புஸ்ஸி என்னும் தளபதியின் தலைமையில் சென்ற பிரெஞ்சுப் படை வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தது. விடிவதற்குள் மூன்று குன்றுகளும் அவர்கள் வசமாயின. ஔரங்கசீப்பின் படை எட்டாண்டுகள் காத்துக்கிடந்த கோட்டை, ஓரிரவில் விழுந்தது. அது கேட்டுத் தென்னாடே திகைத்தது. புதுவையில் ஆளுநராக இருந்த துய்ப்ளேயின் செல்வாக்கு உச்சத்தை அடைந்தது.

அக்காலத்திலேதான் வெங்கடரமண சுவாமி கோவிலின் அழகிய தூண்கள் பெயர்க்கப்பட்டுப் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டன. பிற்காலத்தில் துய்ப்ளேயின் சிலையைச் சுற்றி நிறுத்தப்பட்ட அத்தூண்களுக்கிடையே இன்று காந்தியடிகளின் சிலை நிற்கிறது. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கல் என்பதை நாம் மறத்தலாகாது. நமது பள்ளியின் கல்லொன்று பெயர்க்கப்பட்டால் நாம் எவ்வாறு வருந்துவோமோ, அவ்வாறே பிறர் வருத்தத்தையும் உணர்தல் ஈமானுடையோரின் பண்பாகும்.

பிரெஞ்சுக்காரரின் வெற்றியும் நீடிக்கவில்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினர். அதன் பின்னும் செஞ்சியில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை எஞ்சியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டீபன் ஸ்மித் என்னும் ஆங்கிலத் தளபதியிடம் அதுவும் சரணடைந்தது. 1780 இல் மைசூரின் ஹைதர் அலியின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. அந்தப் போர் முடிந்தபின் செஞ்சிக்குப் படைத்தளம் என்ற மதிப்பு இல்லாமற் போயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தன, அரண்மனைகளில் முட்செடிகள் வளர்ந்தன. லிஸ்பனோடு ஒப்பிடப்பட்ட நகரம் மீண்டும் மலையடிவாரத்துச் சிற்றூராயிற்று.

மலையைக் காத்த தண்ணீர்

இத்தனை ஆட்சிகளையும் தாங்கி இம்மலையூர் உயிரோடிருந்ததற்குக் காரணம் மதிலன்று, தண்ணீரே. ராஜகிரியின் மேலும் அடிவாரத்திலும் வற்றாத சுனைகள் உண்டு. மழைநீரைத் தேக்கச் சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம் எனக் குளங்கள் வெட்டப்பட்டன. கோட்டைக்கு வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து மதிலுக்கு அடியில் மண்குழாய்களைப் பதித்து, கல்யாண மகாலின் மேல்மாடி வரை தண்ணீர் ஏற்றியுள்ளனர். நெல்லும் நெய்யும் எண்ணெயும் சேமிக்கப் பெரிய களஞ்சியங்கள் கட்டப்பட்டன. முற்றுகை எட்டாண்டுகள் நீண்டதற்கு வீரம் மட்டுமே காரணமன்று. குளம் வெட்டியவரும் களஞ்சியம் கட்டியவரும் செய்த வேலையே மதிலுக்குள் இருந்தவர்களைக் காத்தது.

தண்ணீரையும் காற்றையும் அறியாதவர்க்கு இம்மலை இரங்கவில்லை. பிரெஞ்சுக்காரர் செஞ்சியில் ஒரு நேரத்தில் சுமார் நூறு ஐரோப்பிய வீரர்களையே நிறுத்தியிருந்தும், பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பலிகொடுத்தனர் என்று சொல்லப்படுவதை ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்துள்ளார். ஓரிரவில் கோட்டையைப் பிடித்தவர்களால் அங்கே நலமாக வாழ முடியவில்லை.

அத்தண்ணீர் நம்மிடமும் வருகிறது. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியாக ஓடி, புதுவைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. நமது ஊசுட்டேரிக்குச் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் தருவதும் இந்த ஆறே. தேசிங்கின் குதிரை கடந்ததாகப் பாடப்படும் ஆறு, செஞ்சியின் உழவருக்கும் வில்லியனூரின் உழவருக்கும் வேற்றுமை பாராமல் இன்றும் பாசனமாகிறது. செஞ்சி சாலை என்னும் பெயர் நமக்கு வீதியில் இருக்கிறது. செஞ்சியின் மழையோ நம் நிலத்தடியிலேயே இருக்கிறது.

இன்று நாம் செய்ய வேண்டுவது

செஞ்சிக் கோட்டை 1921 இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், 'மராத்தியர்களின் இராணுவ நிலப்பரப்புகள்' என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இது நமது பகுதிக்குக் கிடைத்த சிறப்பு, மகிழ்ச்சியோடு வரவேற்கத்தக்கது. மராத்தியர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இம்மலையில் ஆண்டதும், வலிமைமிக்க பேரரசு ஒன்றை எட்டாண்டுகள் தடுத்து நிறுத்தியதும் மறுக்க முடியாத வரலாறு.

ஆயினும் ஒரு பெயருக்குள் ஒரு மலை அடங்கிவிடாது. சமணத் துறவியின் பாறையும், இடையரின் குன்றும், நாயக்கரின் களஞ்சியமும், பீஜப்பூராரின் அரணும், நவாபின் பள்ளியும், பிரெஞ்சுக்காரர் பெயர்த்த தூணின் வெற்றிடமும் ஒரே இடத்தில் உள்ளன. பாத்ஷாஹாபாத் என்று பெயர் வைத்தவர்கள் அதற்கு முந்திய நாயக்கர் வரலாற்றை அழிக்க முடியவில்லை. நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தவர்கள் மராத்தியரின் நினைவை அழிக்க முடியவில்லை. நாளை எந்தப் பெயர் சூட்டப்பட்டாலும் அவ்வாறே. எனவே புதிய பெயரைக் கண்டு நாம் மனம் சுருங்கவும் வேண்டாம். பழைய பெயரை எண்ணி மார்தட்டவும் வேண்டாம். முழு வரலாற்றையும் அறிந்து, கேட்போர்க்கு அழகிய முறையில் எடுத்துச் சொல்லும் தகுதியை வளர்த்துக்கொள்வதே நமது கடமை.

மதரஸா விடுமுறை நாட்களில் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பெற்றோர்களும் இளைஞர்களும் செஞ்சிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். மலையேறி இளைப்பாறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடாதீர்கள். முதலில் திருநாதர்குன்றைக் காட்டி, நமக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தவர்கள் உண்டு என்று சொல்லுங்கள். குளங்களைக் காட்டி, தண்ணீரை வீணாக்காதிருக்கும் சுன்னத்தை நினைவூட்டுங்கள். வெங்கடரமண கோவிலில் தூண் இழந்த இடத்தைக் காட்டி, அத்தூண்கள் நம் ஊர்க் கடற்கரையில் நிற்பதைச் சொல்லுங்கள். பள்ளிவாசலின் முன் நின்று, சஆதத்துல்லா கானின் வெற்றியையும் அவர் குடும்பத்தின் அகதி நிலையையும் சேர்த்தே சொல்லுங்கள். சுவர்களில் பெயர் கிறுக்காமலும் குப்பை போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் மஹபத் கானின் கதையை மறவாமல் சொல்லுங்கள். நம் பிள்ளை அக்கதையைக் கேட்டு வளர்ந்தால், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் அமரும் தோழனின் மதத்தைக் கேட்டு நட்பை அளக்க மாட்டான்.

இம்மலையை ஆண்டவர்களின் பட்டங்கள் கல்வெட்டுகளிலும் ஏட்டிலும் உறங்குகின்றன. தோழனுக்காக மணப்பந்தலை விட்டு எழுந்தவன் மக்கள் நாவில் வாழ்கிறான். நாம் சென்ற பிறகு நம் அண்டை அயலார் நம்மைப் பற்றி எதைச் சொல்லப் போகின்றனர் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக!

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வரலாற்றிலிருந்து நற்படிப்பினை பெறும் உள்ளத்தையும், அண்டை வீட்டாரோடு அன்பு பாராட்டி வாழும் நற்பேற்றையும், நம் ஊருக்கும் மலைக்கும் நிறைந்த மழையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.